கம்பத்தின் உச்சியில் ஒரு சட்டி



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். மகனுக்குப் பதினாறு வயது. பாடசாலையின் றக்பி அணியில் ஆடுகிறான். இறுதிப் போட்டிவரை வந்த அணி கடைசியில் தோற்றுவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நாட்களாகப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறானாம். சோற்றைப் போட்டு வைத்தால் நாலு கவளத்தோடு எழுந்துவிடுகிறானாம். "மௌலவி, ஒரு பந்துக்காகவா இப்படி? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கண்கலங்கினார்.

நான் என்ன சொல்வது? அந்த நீளப் பந்தை வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கையில் எடுத்தவன் அல்லன் நான். அரபுக் கல்லூரியில் ஓதிய நாட்களில் அஸருக்குப் பின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வொலிபோல் அடித்ததோடு என் விளையாட்டு முடிந்துவிட்டது. ஆனாலும் இருபது வருடங்களாகப் பையன்களோடு பழகுகிறவனுக்கு இந்த விளையாட்டின் சூடு தெரியாமல் இருக்குமா? நம்மவரான பாஸில் மரிஜா இலங்கை அணிக்கே தலைமை தாங்கியவர் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர்களும் அந்தப் பையன்கள்தாம்.

எங்கள் விளையாட்டு ஆசிரியர் இந்த விடயத்தில் ஒரு நடமாடும் நூலகம். அவரிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவர் உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை. வேல்ஸ் நாட்டில் உள்ள ஒரு சிறிய ஊரின் கதையைச் சொன்னார். பழைய படங்களைத் தம் கைத்தொலைபேசியில் போட்டும் காட்டினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று. அந்தக் கதையைப் பையனுக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரித்தானியாவின் மேற்கு ஓரத்தில் உள்ள சிறிய நாடு வேல்ஸ். மொத்தச் சனத்தொகை இன்றைக்கும் முப்பது இலட்சம் அளவில்தான். அதன் தென்மேற்கில் கடற்கழி ஓரமாக லனெல்லி என்றொரு ஊர். பெரிய நகரம் அல்ல. அங்கே பெரும் கோட்டைகளோ மாளிகைகளோ பார்க்கப் போவாரும் இல்லை. நிலக்கரியும் இரும்பும் தகரமும்தான் அந்த ஊரின் சீவனம். பால்மாப் பேணி, மீன் பேணி, பிஸ்கட் பேணி என்று நம் குசினியில் கிடக்கின்றனவே, அவற்றைச் செய்கின்ற வெள்ளீயம் பூசிய தகரத் தகடு ஒரு காலத்தில் உலகெங்கும் போனது அந்த வட்டாரத்திலிருந்துதான். அதனால் அந்த ஊருக்குத் "தகரப் பட்டணம்" என்ற கருத்தில் டின்னோபொலிஸ் என்றே பட்டப்பெயர். சட்டி பானைகளும் அங்கே செய்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த ஊர் றக்பிக் கழகத்தின் ஆதரவாளர்கள் மைதானத்தில் பாடும் பாட்டு எதைப் பற்றியது தெரியுமா? வீரத்தைப் பற்றியல்ல. அடுப்பங்கரையைப் பற்றியது. "ஸொஸ்பன் வாஹ்" என்று பெயர், அதாவது சின்னச் சட்டி. வீட்டுக்காரிக்கு விரலில் காயம், வேலைக்காரனுக்குச் சுகமில்லை, தொட்டிலில் பிள்ளை அழுகிறது, பூனை பிறாண்டிவிட்டது, இத்தனைக்கும் நடுவில் அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் விடயம். சகோதரிகளே, காலை ஆறரை மணிக்கு உங்கள் வீடு எப்படி இருக்குமோ அதுதான் பாட்டு! ஆயிரமாயிரம் ஆண்கள் தொண்டை கிழிய அதைப் பாடுகிறார்கள். அதோடு விட்டார்களா? மைதானத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் உயர்ந்த கோல் கம்பங்களின் உச்சியில் சிவப்புச் சட்டிகளைக் குத்தி வைத்திருந்தார்கள். சட்டி பானையைத் தலைக்குமேல் தூக்கி வைத்த ஊரை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஊரின் பெயரைச் சொல்வதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. லனெல்லி என்று நான் எழுதுவது சரியான உச்சரிப்பு அல்ல. வேல்ஸ் மொழியில் அந்த "ல்ல" தனியான ஓசை. நாக்கை "ல" சொல்ல வைப்பதுபோல் வைத்துக்கொண்டு குரல் எழுப்பாமல் பக்கத்தால் மூச்சை விட வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் உஸ்தாத் ஞாபகம் வந்தார். ரமழான் என்று நாம் "ழ" போட்டு எழுதுகிறோமே, அந்த அரபு எழுத்தை நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பல்லோடு சேர்த்து ஒலிக்க வேண்டும் என்று பிரம்பை வைத்துக்கொண்டு பழக்கினார். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. வேல்ஸ் மொழியை மேசையில் தட்டித் தட்டிப் படிக்க முடியாது, தாயின் வாயைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. மொழியைப் பற்றிப் பிறகு வருகிறேன். அது இந்தக் கதையில் ஓரத்து விடயம் அல்ல.

விளையாட்டைத் தெரியாத சகோதரிகளுக்காக இரண்டொரு வார்த்தை. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னுக்கு எறியக் கூடாது. பக்கத்துக்கோ பின்னுக்கோதான் கொடுக்க வேண்டும். ஆகவே முன்னேறுவதற்காக ஓடுகிறவன் எப்போதும் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று அறிந்து ஓட வேண்டும். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு "ட்ரை" என்று பெயர். நான் சொல்லும் காலத்தில் அதற்கு நான்கு புள்ளி, இப்போது ஐந்து. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் இரண்டு. எதிரி செய்த குற்றத்துக்குக் கிடைக்கும் உதை உள்ளே போனால் மூன்று. இவ்வளவு தெரிந்தால் போதும், என் அறிவும் அவ்வளவுதான்.

1972ஆம் ஆண்டு வேல்ஸில் கழகங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டியின் முதலாவது இறுதியாட்டம் தலைநகர் கார்டிஃபில் நடந்தது. லனெல்லி அதுவரை வந்தது. நீத் என்ற கழகத்திடம் 15க்கு 9 என்று தோற்றது. அயலூர்க்காரர்கள் வேறு. அயலூர்க்காரனிடம் தோற்பதன் வலி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பையனைப்போல அன்று அந்த ஊரில் எத்தனை வீட்டில் சோறு ஆறிக் கிடந்ததோ! சோறு என்ன, அவர்களுடைய உருளைக்கிழங்கு.

அடுத்த பருவம் கழகத்தின் நூற்றாண்டுப் பருவம். 1872இலிருந்து கணக்கு வைத்துக் கொண்டாடினார்கள். அதற்கு விருந்தாளியாக வருகிறவர்கள் யார்? நியூஸிலாந்தின் தேசிய அணி, ஓல் பிளாக்ஸ் என்று உலகம் நடுங்கும் கறுப்பு உடைக்காரர்கள். ஒரு நாடு முழுவதும் தேடிப் பொறுக்கிய வீரர்கள் ஒரு பக்கம். ஒரு தகரப் பட்டணத்தின் கழகம் மறுபக்கம்.

அந்தக் காலத்து றக்பியில் சம்பளம் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1995இல்தான் அந்த விளையாட்டில் பகிரங்கமாகக் காசு கொடுக்க அனுமதித்தார்கள். அதுவரை எல்லோருக்கும் வேறு தொழில் இருந்தது. அணித்தலைவர் டெல்மே தோமஸ் மின்சார சபையில் கம்பம் ஏறிக் கம்பி இழுக்கிற தொழிலாளி. பக்கத்துக் கிராமமான வெலின்வோலில் பிறந்த பில் பெனட் உருக்காலையில் வேலை பார்த்தவர். மெலிந்த, உயரமில்லாத மனிதர். ஆனால் பந்தோடு ஓடும்போது எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும் என்பார் எங்கள் விளையாட்டு ஆசிரியர். ஜே.ஜே. வில்லியம்ஸ் பாடசாலை ஆசிரியர். பகல் முழுக்க வேலை, மாலையில் சேற்றில் பயிற்சி, பிறகு வீடு. அந்தச் சேற்றுடுப்பைத் தோய்த்தது யார் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். உங்களுக்கு எழுதிக் காட்டவும் தேவையில்லை.

இவர்களையெல்லாம் கட்டி மேய்த்தவர் கார்வின் ஜேம்ஸ். அவர் தொழில் என்ன? வேல்ஸ் மொழியும் இலக்கியமும் படிப்பிக்கும் விரிவுரையாளர்! நிலக்கரிச் சுரங்கக் கிராமமான கெவ்நெய்தினில் 1929இல் பிறந்தவர். 1971இல் பிரித்தானிய, அயர்லாந்து வீரர்களைச் சேர்த்த லயன்ஸ் அணியை நியூஸிலாந்துக்குக் கொண்டுபோய், அவர்கள் மண்ணிலேயே தொடரை வென்று வந்தவர். இன்றுவரை வேறு எந்த லயன்ஸ் அணியும் அங்கே தொடரை வென்றதில்லை. அதற்காக அரசு கொடுக்க வந்த பட்டத்தை வேண்டாம் என்றவர். சத்தம் போட மாட்டாராம். ஒவ்வொரு வீரனிடமும் அவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்பாராம். ஆசிரியத் தொழில் செய்கிறவன் என்ற வகையில் இந்த மனிதரைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுத எனக்கு ஆசை, ஆனால் ஆசிரியபீடம் கத்தரிக்கோலோடு நிற்கிறது.

1972 ஒக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. வேலை நாள்தான். ஆனாலும் ஸ்ட்ரேடி பார்க் மைதானத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். ஊரே அங்கே என்று சொன்னாலும் பிழையில்லை. மைதானத்துக்கு இறங்குமுன் உடை மாற்றும் அறையில் டெல்மே தோமஸ் பேசினார். அவர் பேச்சுக்காரர் அல்லர். நாட்டுக்காக ஆடியவர், மூன்று தடவை லயன்ஸ் அணியில் போனவர். அத்தனை கௌரவத்தையும் இன்றைய ஒரு வெற்றிக்காகத் திருப்பிக் கொடுத்துவிடத் தயார், நம் ஊரார் முன்னிலையில் வெல்ல வேண்டும் என்ற கருத்தில் சொன்னாராம். அந்த அறையில் இருந்த முரட்டு ஆண்கள் அழுதார்கள் என்று பிற்காலத்தில் வீரர்களே சொல்லியிருக்கிறார்கள். என்னோடு படம் பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டு ஆசிரியரும் இந்த இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டார், தடிமன் என்று காரணமும் சொன்னார்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் பெனட் தண்ட உதை ஒன்றை உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பி விழுந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. எதிரணியின் கொலிங் என்பவர் அதைப் பிடித்து, தம் எல்லையிலிருந்து வெளியே உதைக்கப் பார்த்தார். அதற்குள் லனெல்லியின் ரோய் பேர்ஜியர்ஸ் பாய்ந்து வந்து, உதைத்த பந்தைத் தன் உடம்பாலேயே தடுத்து, கோட்டுக்கு அப்பால் விழுந்த பந்தின்மேல் தானும் விழுந்தார். ட்ரை! பெனட் உதைத்து மேலும் இரண்டு. ஆறு புள்ளி.

நான் இந்த இடத்தைப் பையனுக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினேன். உதை தவறிவிட்டது. உதைத்தவனும் பார்த்தவர்களும் தலையில் கைவைத்த நேரத்தில் ஒருவன் மட்டும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. பையன் ஒன்றும் பேசவில்லை, மறுபடியும் போடச் சொன்னான்.

அதன் பிறகு ஓல் பிளாக்ஸ் தரப்பில் ஜோ காரம் என்பவர் ஒரு தண்ட உதையால் மூன்று எடுத்தார். ஆறுக்கு மூன்று. ஒரே ஒரு ட்ரை போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். அப்படியே ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இழுபட்டது. இது அழகான ஆட்டம் அல்ல, சகோதரிகளே. மோதலும் முட்டலும் சேறும்தான். கறுப்பு உடை வரும், சிவப்பு உடை விழுந்து மறிக்கும், மறுபடியும் வரும், மறுபடியும் மறிக்கும். கடைசிக் கட்டத்தில் அன்டி ஹில் வெகு தூரத்திலிருந்து ஒரு தண்ட உதையை உள்ளே போட்டார். 9க்கு 3. ஆட்டம் முடிந்ததும் சனம் மைதானத்துக்குள் பாய்ந்து, கம்பம் ஏறுகிற தொழிலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

அன்றிரவு ஊரில் மதுக்கடைகளெல்லாம் வற்றிப்போயின என்று வேல்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை. வெற்றி வந்த வீட்டிலும் மறுநாள் காலையில் தள்ளாடி வந்த கணவனுக்குக் கதவு திறந்தவள் ஒருத்தி இருந்திருப்பாள். அந்த நாட்டுப் பாதிரிமாருக்கும் இந்த விளையாட்டோடு பழைய மனத்தாங்கல் உண்டு. 1904, 1905இல் அங்கே ஒரு பெரிய மத எழுச்சி ஏற்பட்டபோது பல ஊர்களில் றக்பிக் கழகங்களையே இழுத்து மூடினார்கள். லனெல்லிக்குப் பக்கத்து லொஹர் என்ற ஊரைச் சேர்ந்த இளைஞர்தான் அந்த எழுச்சியின் நாயகர். பிறகு என்ன நடந்தது? கழகங்கள் மீண்டும் திறந்தன, ஆலயத்தில் பாடிய பாட்டுகளையே சனம் மைதானத்தில் பாடத் தொடங்கியது. கண்டித்தவர்களின் ராகம் கண்டிக்கப்பட்ட இடத்தில் போய்க் குடியேறிவிட்டது. மௌலவிமார் யோசிக்க வேண்டிய சங்கதி.

இனி மொழிக்கு வருகிறேன். அந்த ஆட்டத்தின் முடிவைக் காட்டும் புள்ளிப் பலகையின் படம் உலகப் பிரசித்தம். அதில் நியூஸிலாந்து என்று இங்கிலீஷில் எழுதியிருக்கவில்லை. "ஸெலாண்ட் நெவித்" என்று வேல்ஸ் மொழியில் இருந்தது. (அந்தக் கடைசி எழுத்தின் ஓசை நம் அரபு "தால்" வரிசையில் உள்ள புள்ளி வைத்த எழுத்தின் ஓசைதான்.) ஒரு பலகையில் இரண்டு சொல், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் லங்கெனெக் என்ற கிராமம். அங்கே ஐலீன் பீஸ்லி என்ற பெண். ஆசிரியை. கணவர் ட்ரெவர் சுரங்கத் தொழிலாளி. 1952இல் லனெல்லிக் கிராமிய சபையிடமிருந்து அவர்களுக்கு வரிப் பத்திரம் வந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு பேசுவது வேல்ஸ். "எங்கள் மொழியில் அனுப்புங்கள், கட்டுகிறோம்" என்றார்கள். சபை மறுத்தது. இவர்களும் கட்டவில்லை. பத்துத் தடவைக்கு மேல் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். அமீனாக்கள் வந்து வீட்டுத் தளபாடங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பியானோவும் போயிற்று. சகோதரிகளே, ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து மேசை கதிரையைத் தெரு பார்க்கத் தூக்கிப் போவது எப்படிப்பட்ட விடயம் என்று ஆண்களுக்கு முழுதாக விளங்காது. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு எட்டு வருடம் அந்தப் பெண் தாக்குப் பிடித்தார். 1960இல்தான் இரு மொழியிலும் பத்திரம் வந்தது. அவர் 2012இல் காலமானார்.

அதே லனெல்லியில் 1947இல் வேல்ஸ் மொழி மூலம் படிப்பிக்கும் ஆரம்பப் பாடசாலை ஒன்று திறக்கப்பட்டது. உள்ளூராட்சி நிர்வாகம் நடத்திய அவ்வகைப் பாடசாலைகளில் அதுதான் முதலாவது. கார்வின் ஜேம்ஸும் 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சிக்காக அந்தத் தொகுதியில் நின்று தோற்றார். ஆகவே 1972இல் ஸ்ட்ரேடி பார்க்கில் அந்த இரண்டு சொற்களைப் பலகையில் பார்த்தவர்களுக்கு அது வெறும் புள்ளிக் கணக்காக இருந்திருக்காது. வரிப் பத்திரத்தில் இடம் கொடுக்க மறுத்த மொழி, உலகம் பார்க்கும் பலகையில் நின்றது. தாயிடம் படித்த மொழியை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இதன் ருசி தெரியும்.

பருவம் அத்தோடு முடியவில்லை. பெரிய வெற்றிக்குப் பின் பல அணிகள் படுத்துவிடும். பெரிய கலியாணம் முடிந்த வீடு மாதிரி. இவர்கள் குளிர்காலம் முழுக்க ஆடினார்கள். அப்போது வேல்ஸில் புள்ளிப் பட்டியல் லீக் கிடையாது. கழகங்கள் தமக்குள் திகதி குறித்துக்கொண்டு ஆடுவதும் கிண்ணப் போட்டியும்தான். 1973 ஜனவரி 27இல் கார்டிஃபில் பார்பேரியன்ஸ் என்ற அழைப்பு அணி அதே ஓல் பிளாக்ஸை 23க்கு 11 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் முதலாவது ட்ரையை றக்பி வரலாற்றிலேயே மிகச் சிறந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். தன் எல்லைக்குப் பக்கத்தில் மூன்று நான்கு பேரை ஏமாற்றித் தொடங்கியவர் பில் பெனட். நடுவில் கை மாறியவர்களில் டொம் டேவிட், டெரெக் குவினல். மூவரும் லனெல்லிக்காரர்கள். முடித்து வைத்த கரெத் எட்வர்ட்ஸ் கார்டிஃப் கழகத்தவர். ஆட்டத்துக்கு முன் அந்த அணியோடு பேசுவதற்கு அழைக்கப்பட்டவர் யார் என்று ஊகிக்கிறீர்களா? நம் மொழி ஆசிரியர்தான்.

பிறகு கிண்ணத்தின் இறுதியாட்டம். மறுபடியும் கார்டிஃப், முந்திய வருடம் தோற்ற அதே மேடை. இம்முறை எதிரணி கார்டிஃப் கழகம், தலைநகரத்தார். லனெல்லி 30க்கு 7 என்று வென்றது. ஒரு வருடத்துக்கு முன் வெறுங்கையோடு பஸ் ஏறிய ஊர், கிண்ணத்தோடு திரும்பியது. அதன் பிறகு 1974, 1975, 1976 என்று தொடர்ந்து நான்கு வருடம் அந்தக் கிண்ணம் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. அந்த வெற்றிகளை விவரித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

கார்வின் ஜேம்ஸுக்கு வேல்ஸ் தேசிய அணியைப் பயிற்றும் பொறுப்பு ஒருபோதும் கிடைக்கவில்லை. அணியைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தில் நிர்வாகத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. விண்ணப்பித்துவிட்டுத் தாமே விலகிக்கொண்டார். 1983 ஜனவரியில் அம்ஸ்டர்டாமில் தனியாக மரணித்தார். ஐம்பத்து மூன்று வயதுதான்.

அந்தப் பதினைந்து பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரே கிரவெல். அன்று அவருக்கு இருபத்தொரு வயது. முரடரைப்போலத் தோற்றம், குழந்தையைப்போல மனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேல்ஸ் மொழிமேல் பைத்தியம். பிற்காலத்தில் வானொலியில் பேசினார், படங்களிலும் நடித்தார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. 2007இல் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. (காலில் சின்னக் காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள், சீனி உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று இந்த இடத்திலாவது சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் இதைக் கேட்பார் இல்லை.) அதே வருடம் குடும்பத்தோடு விடுமுறைக்கு ஸ்பெயின் போன இடத்தில் மரணித்தார். திகதி ஒக்டோபர் 31. சரியாக முப்பத்தைந்து வருடம். இறுதிச் சடங்கை ஸ்ட்ரேடி பார்க் மைதானத்திலேயே நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான சனம் வந்திருந்தது.

மறு வருடம் அந்த மைதானமும் போயிற்று. 2008 ஒக்டோபரில் கடைசி ஆட்டம். ஊருக்கு வெளியே பார்க் இ ஸ்கார்லெட்ஸ் என்று புதிய மைதானம் கட்டினார்கள். பழைய இடத்தில் வீடுகள் எழுந்தன. உருக்காலைகளில் பெரிய ஒன்று 1981இலேயே மூடப்பட்டிருந்தது. 2003இல் வேல்ஸில் கழகங்களைச் சேர்த்துப் பிராந்திய அணிகளாக்கியபோது பழைய லனெல்லிக் கழகம் இரண்டாம் நிலைக்குப் போனது. 1992இல் உலகக் கிண்ணத்தை வைத்திருந்த அவுஸ்திரேலியாவையே 13க்கு 9 என்று தோற்கடித்த கழகம் அது. ஊர்கள் இப்படித்தான் தேய்கின்றன, ஒரே நாளில் அல்ல. சட்டிகளை மட்டும் கைவிடவில்லை. புதிய மைதானத்தின் கம்பங்களிலும் ஏற்றினார்கள். வாசலில் கிரவெலின் சிலை நிற்கிறது. பில் பெனட் 2022 ஜூனில் காலமானார், அந்த வெற்றியின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு நாலரை மாதம் இருக்கையில்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் பையனுக்குச் சொல்லவில்லை. மூன்று நாள், இடைவேளைகளில், கன்டீன் பக்கத்து வாங்கில் இருந்து சொன்னேன். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். இரண்டாம் நாள், கொலிங் உதைத்த பந்தைத் தடுத்த பேர்ஜியர்ஸ் முதலில் எங்கே நின்றார், எவ்வளவு தூரம் ஓடினார் என்று என்னைத் துளைத்தான். எனக்கென்ன தெரியும்! விளையாட்டு ஆசிரியரிடம் அனுப்பினேன். மூன்றாம் நாள் வேறொரு கேள்வி கேட்டான். "அந்த முதல் இறுதியாட்டத்தில் தோற்ற பிறகு அவங்கட உம்மாமார் என்ன சொல்லியிருப்பாங்க, மௌலவி?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. "வீட்டுக்குப் போய் உன் உம்மாவிடமே கேள்" என்றேன்.

போன கிழமை அந்தத் தாயைக் கடைத்தெருவில் கண்டேன். கையில் மீன் பை, பக்கத்தில் சின்ன மகள். பையன் திரும்பவும் பயிற்சிக்குப் போகிறானாம். கணக்குப் பாடத்தில் புள்ளி குறைந்திருக்கிறது என்றும் முறையிட்டார். சப்பாத்தில் இருந்த சேற்றைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தது தான்தான் என்று சொல்லும்போது அவர் முகத்தில் அலுப்பும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "மௌலவி, அந்த ஊர்ப் பொம்பிளைகள் பாடுற சட்டிப் பாட்டு எப்படிப் போகும்?" என்று கேட்டார். அதைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஆம்பிளைகள்தாம் என்றேன். அவர் அங்கேயே நின்று சிரித்தார்.